புள்ளிக்குள் வரி: அரேவுக்குள் இருக்கும் அரேவைத் திருத்துவது எப்படி?

காரைக்குடியில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டுப் படைப்புக்கான புள்ளி வரியை மோங்கோடிபி என்ற தரவுத்தளத்தில் பதிந்துவருகிறேன். வீடு ஓர் ஆவணம். அதற்குள் 'புள்ளிகள்' என்று ஒரு அரே (வரிசைப் பட்டியல்), ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் 'வரிகள்' என்று இன்னொரு அரே. ஒருவருடைய 2023 வரியை மட்டும் பாக்கியிலிருந்து வரவாக மாற்ற, டாலர் குறியை ($) இரண்டு இடத்தில் போட்டேன். டாலர் குறி அதிகம் என்று பிழை வருகிறது. ஏன்?"

வெளியூர் வாசகர்களுக்காக: படைப்பு என்பது நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) தங்கள் முன்னோருக்குச் செய்யும் வழிபாடு. அவர்கள் கணக்கில் திருமணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோயிலுக்கும் படைப்புக்கும் பணம் பிரிப்பது புள்ளிக்கு இவ்வளவு என்றுதான்; அதுவே புள்ளி வரி.

மோங்கோடிபி ஆவணத்தை பிசான் (BSON) என்ற இருமவடிவில் வைக்கிறது. அதில் அரேவும் உள்ளுக்குள் ஓர் ஆவணம்தான். வகைக் குறி மட்டும் வேறு. புலங்களின் பெயர்கள் '0', '1', '2' என்று போகும். ஆகவே 'புள்ளிகள்.1.வரிகள்.0' என்று எழுதினால், பெயர் பெயராகப் படி இறங்கி இரண்டாவது புள்ளியின் முதல் வரிக்குப் போய்விடலாம்.

சரி, அந்த 1, 0 நமக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் டாலர் குறி. தேடலில் பொருந்திய உறுப்பின் வரிசை எண்ணை மோங்கோடிபி நினைவில் வைத்து, குறி இருக்கும் இடத்தில் போட்டுவிடும். ஆனால் அது வைத்துக்கொள்வது ஒரே ஓர் எண். புள்ளிக்கு ஒன்று, வரிக்கு ஒன்று என்று இரண்டு எண் கேட்டால் அதனிடம் இல்லை. மாணவருக்கு வந்த பிழை இதுதான்.

பலர் இந்த இடத்தில் ஆவணம் முழுவதையும் வெளியே எடுத்து, நிரலில் திருத்தி, திரும்ப எழுதிவிடுகிறார்கள். படைப்பு நாளில் இரண்டு பேர் இரண்டு கைபேசியில் வசூல் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். இருவரும் பழைய ஆவணத்தை எடுத்திருந்தால், பின்னால் எழுதியவரின் பிரதி முன்னவரின் வரவை அழித்துவிடும். வரிசை எண்ணை நாமே எண்ணிவைப்பதும் ஆபத்து. இடையில் யாராவது ஒரு புள்ளியை நீக்கினால், அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் ஓர் எண் முன்னால் நகரும். அடுத்தவர் பாக்கி வரவாகிவிடும்.

2017-இல் வந்த 3.6 பதிப்பு இதற்கு அழகான தீர்வைத் தந்தது: அரேஃபில்டர்ஸ் (arrayFilters). பாதையை 'புள்ளிகள்.$[பு].வரிகள்.$[வ].நிலை' என்று எழுதி, பு யார், வ எது என்பதைத் தனியே நிபந்தனையாகக் கொடுக்கவேண்டும்: பு-வின் எண் 7, வ-வின் ஆண்டு 2023. (உண்மை நிரலில் இந்தப் பெயர்கள் ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் தொடங்கவேண்டும்.)

இதை மோங்கோடிபி நிறைவேற்றும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பாதையில் $[பு] வந்ததும் அந்த அரேவின் ஒவ்வோர் உறுப்பையும் நிபந்தனையோடு ஒப்பிடுகிறது. தேறியவற்றுக்குள் மட்டும் ஒரு கிளை பிரிந்து இறங்குகிறது. அங்கே $[வ] வந்ததும் மறுபடி அதே சோதனை, மறுபடி கிளை. கடைசியில் கையில் நிற்பவை 'புள்ளிகள்.1.வரிகள்.0' போன்ற எண் பாதைகள். ஒன்றாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். நாம் எண்ணவே வேண்டியதில்லை. எழுதும் அந்த நேரத்தில், ஆவணம் எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்து எண்கள் கண்டுபிடிக்கப்படுகின்றன. ஓர் ஆவணத்துக்குள் நடக்கும் திருத்தம் முழுதாக நடக்கும், இல்லையென்றால் நடக்கவே நடக்காது. அதே நொடியில் இன்னொருவர் அதே வீட்டு ஆவணத்தில் கைவைத்தால், மோதிய ஒருவருடைய திருத்தத்தை மோங்கோடிபி தானே புதிய பிரதியின்மேல் மறுபடி முயலும். அப்போது எண்களும் புதிதாகத் தேடப்படும். இருவர் எழுதியதும் தங்கும்.

இதையெல்லாம் செய்யும் மோங்கோடிபியின் மூலநிரல் இணையத்தில் எவரும் படிக்கத் திறந்து கிடக்கிறது. நம் கல்லூரிகளில் அதைப் பிரித்துப் படிக்கவைப்பவர்கள் குறைவு என்பது என் வருத்தம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது. தரவுத்தளத்தின் உள்வேலையை ஆராயவும் அப்படிக் கொடுப்பவர்கள் இன்று வேண்டும். அது இல்லாததால், ஆவணத் தரவுத்தளம் என்றால் எல்லாவற்றையும் ஒரே ஆவணத்தில் திணிக்கலாம் என்ற மூடநம்பிக்கைதான் வளர்கிறது. ஓர் ஆவணத்துக்கு 16 எம்பிதான் வரம்பு. வரிப் பதிவுகள் வருடாவருடம் பெருகுமென்றால், புள்ளி எண்ணோடு அவற்றைத் தனித் தொகுப்பில் வைப்பதே என் யோசனை. ஒரு வீட்டுப் படைப்புக் கணக்குக்கு அவ்வளவு தேவைப்படாது.

அப்புறம், மாணவர் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. எந்த வீடு என்பதைத் தேடல்தான் முடிவுசெய்யும். அரேஃபில்டர்ஸ் அந்த ஆவணத்துக்குள் மட்டுமே வேலைசெய்யும். 7 என்பதற்குப் பதில் 17 என்று தட்டிவிட்டு, அப்படி ஒரு புள்ளியே இல்லையென்றால் பிழை எதுவும் வராது. பொருந்திய ஆவணம் 1, மாறிய ஆவணம் 0 என்று பதில் வரும். அந்த இரண்டாவது எண்ணைப் பார்த்த பிறகே திரையில் 'வரவு வைக்கப்பட்டது' என்று காட்டுங்கள்.