அருவுருவம்: அப்ஸ்ட்ராக்டும் தத்ரூபமும் சேரும் இடம்

என்ன வரைந்திருக்கிறது என்று பிடிபடாத படத்தையெல்லாம் ‘மாடர்ன் ஆர்ட்’ என்று சொல்லிவிடுகிறோம். மாடர்ன் என்பது காலத்தைச் சொல்வது. வரையும் முறைக்குப் பெயர் அப்ஸ்ட்ராக்ட். லத்தீனில் ‘அப்ஸ்’ விலக்கி, ‘திராகெரே’ இழுத்தல். பொருளிலிருந்து வேண்டியதை மட்டும் உருவி எடுப்பது. ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்துக்கும் அதே பெயர் அமைந்தது இதனால்தான். இதற்கு எதிர்ப்பக்கம், கண்ணில் படுவதை அப்படியே வரையும் ரியலிசம். அதன் வேர் ‘ரெஸ்’, அதாவது பொருள்.

ரியலிசத்துக்கு நடப்பியல் என்ற சொல் கதை, நாவலுக்குப் பொருந்தும். படத்துக்கு நம் வாயில் ஏற்கெனவே இருப்பது தத்ரூபம்: ‘தத்’ அது, ‘ரூபம்’ வடிவம். அப்ஸ்ட்ராக்டுக்கு அருவம் போதும். கருத்தோவியம் என்று எழுதினால் கருத்துப்படம் (கார்ட்டூன்) நினைவுக்கு வந்து பொருள் திரும்பிவிடும்.

இரண்டும் கலந்ததை ‘அரை அருவம்’ என்பது வலிந்து செய்த சொல். சைவ சித்தாந்தம் இறைவன் திருமேனியை உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்றாகச் சொல்கிறது. நடராசர் உருவம், ராமேசுவரத்துக் கருவறையில் இருக்கும் லிங்கம் அருவுருவம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களுக்கு முகமில்லை, கைகாலில்லை. ஆனாலும் அவை நவக்கிரகம். பாதி இது, பாதி அது என்பதல்ல அருவுருவம். ஒன்றே இரண்டாகவும் நிற்பது. ஓவியத்துக்கும் இதைவிடச் சரியான சொல் இல்லை.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயச் சுவரை எண்ணெய் வண்ணத்தில் வரைய எடுத்துக்கொள்வோம். மணல், பெண்கடல் (அங்கே அலை அடங்கிய பக்கத்துக் கடலுக்குப் பெயர்), வானம் மூன்றும் படுக்கைப் பட்டைகள், அவை அருவத்துக்கு. பவளக்கல் சுவர் தத்ரூபத்துக்கு. 24க்கு 30 அங்குல கேன்வாஸில் அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பையும், எண்ணெய் வண்ணத்தை நீர்க்கச் செய்யும் டர்பன்டைனில் மோர் பதத்துக்குக் கரைத்துப் பூசி, வெளிச்சம் விழும் இடங்களைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஓரிரு நாளில் காய்ந்துவிடும். பிறகு பட்டைகளை ஓவியக் கத்தியால் கனமாக இழுக்கலாம். சுவர் வரும் இடத்தில் மட்டும் கத்தி படக்கூடாது. மேடுபள்ளத்தின் மேல் நுண்கோடு நிற்காது என்பது ஒன்று. உள்ளே காயாத கனத்த பூச்சின்மேல் டர்பன்டைன் கலந்த மெல்லிய பூச்சு முதலில் காய்ந்து, பின்னால் வெடித்துவிடும் என்பது இன்னொன்று. மேல் பூச்சுக்குப் போகப்போக வண்ணத்தில் ஆளிவிதை எண்ணெய் கூட வேண்டும், குறையக்கூடாது.

பெரும்பாலான படங்கள் கெடுவது இனிமேல்தான். சுவர் நன்றாக வந்திருக்கும், ஆனால் காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டியது போல் தனியே நிற்கும். சுவருக்கென்று புது நிறம் எடுத்ததும், நான்கு விளிம்பையும் கூர்மையாக முடித்ததும்தான் காரணம். கல்லின் நிழலை அதே நீலம், அம்பர் இரண்டிலேயே கலக்க வேண்டும். நிழல் பக்க விளிம்பு கூர்மையாக இருக்கட்டும். வெயில் பக்கத்தில் வானத்தின் வெள்ளையை உலர்ந்த தூரிகையால் கல்லுக்குள் இழுத்துவிட்டால் சுவர் அங்கே கரைந்துபோகும். பவளக்கல்லின் துளைகளை எல்லா இடத்திலும் போடத் தேவையில்லை. கண் முதலில் போய் நிற்கும் ஓர் உள்ளங்கை அகலத்தில், ஒவ்வொரு துளைக்கும் மேல் ஓரம் இருட்டு, கீழ் ஓரம் வெளிச்சம் என்று வைத்தால் மிச்சச் சுவரைப் பார்ப்பவரே கட்டிக்கொள்வார்.

இந்தக் கரையில் காற்று மணலை வாரிக்கொண்டு வரும்; ஈரப் பெயிண்டில் ஒட்டினால் காய்ந்தபின் எடுக்க முடியாது. கத்தி வேலையை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஐப்பசி ஈரத்தில் கேன்வாஸ் தொய்ந்தால் சட்டத்தின் மூலை ஆப்புகளை மெல்லத் தட்டி இறுக்கலாம். படத்தின் கீழே ‘அருவுருவம், கேன்வாஸில் எண்ணெய் வண்ணம்’ என்றே எழுதுங்கள்.