ஒரு சின்னம் 'நான்' ஆவது எப்படி?

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரைக்குத் திருவள்ளுவர் சிலை 1991-லேயே வந்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதால் திறக்க முடியவில்லை. 18 ஆண்டுகள் மூடியே நின்றது. 2009 ஆகஸ்ட் 9 அன்று, கர்நாடக முதல்வர் எடியூரப்பா உடனிருக்க, தமிழக முதல்வர் கருணாநிதி திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அந்த 18 ஆண்டுகளில் மர்பி டவுனிலும் சிவாஜிநகரிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு வள்ளுவர் என்றால் ஏரிக்கரையில் மூடிக்கிடக்கும் ஓர் உருவம். முகத்தைப் பார்க்காமலேயே அதை 'நம்முடையது' என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள்.

வெளியே நிற்கும் ஒரு பொருள் எப்படி ஒருவரின் உள்ளே போய் 'நான்' என்பதன் பகுதியாகிறது? உளவியலில் இதற்குக் கணிசமான பதில்கள் உண்டு.

நமக்குக் கிடைக்கும் முதல் சின்னம் பெயர். நாலரை மாதக் குழந்தை தன் பெயரின் ஒலியை மற்றப் பெயர்களிலிருந்து பிரித்துக் கேட்கிறது. ஆனால் கண்ணாடியில் தெரிவது தானே என்று புரிய அதற்கு ஒன்றரை முதல் இரண்டு வயது ஆக வேண்டும். குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் சாயப் பொட்டு வைத்துக் கண்ணாடி முன் விடுவார்கள். கை கண்ணாடிக்குப் போகாமல் தன் மூக்குக்குப் போனால் 'நான்' வந்துவிட்டது என்று கணக்கு. ஊர் நம்மைக் கூப்பிட ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் கூப்பிடப்படுகிறவர் உள்ளே எழுந்து வருகிறார். அதன் பிறகு அந்தப் பெயர் நம்மை விடுவதில்லை. 1959-இல் நெவில் மோரே என்ற ஆய்வாளர் இரண்டு காதுகளிலும் வேறு வேறு பேச்சை ஓடவிட்டு, ஒன்றை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். கவனிக்காத காதில் விழுந்தது ஏறக்குறைய எதுவுமே பதியவில்லை. ஆனால் சொந்தப் பெயர் மட்டும் மூன்றில் ஒருவருக்குக் கேட்டுவிட்டது. ரஸ்ஸல் மார்க்கெட் கூச்சலில் யாரோ நம் பெயரைச் சொன்னால் சட்டென்று தலை திரும்புகிறதே, அதுதான்.

பெயர் தனி ஆளுக்கு. 'நாம்' என்பதற்கு எவ்வளவு சின்னம் தேவை? மிகக் கொஞ்சம் போதும் என்று காட்டியவர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் கைதியாகி உயிர் பிழைத்தவர். ஊரில் விட்டுவந்த குடும்பத்தை நாஜிகள் அழித்துவிட்டார்கள். 1970 வாக்கில் பிரிஸ்டல் நகரப் பள்ளி மாணவர்களுக்குச் சில ஓவியங்களைக் காட்டி, 'உனக்கு இந்த ஓவியர் பிடித்திருக்கிறது, அவனுக்கு அந்த ஓவியர்' என்று இரண்டாகப் பிரித்தார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். தன் குழு எது என்று ஒவ்வொருவருக்கும் தெரியும், அதில் வேறு யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. ஆனாலும் பணம் பங்கிடச் சொன்னபோது தங்கள் குழுவுக்கே சாய்ந்தார்கள். தங்கள் குழுவுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் வழியைக்கூட விட்டுவிட்டு, எதிர்க்குழுவைவிட முன்னால் நிற்பதையே பலமுறை தேர்ந்தார்கள். 2016 செப்டம்பரில், காவிரிக் கலவரத்தின்போது, பெங்களூரில் 'டிஎன்' நம்பர் பிளேட் போட்ட வண்டிகளைத் தேடிக் கொளுத்தினார்கள். இரண்டு எழுத்து போதுமாயிருந்தது.

இதிலிருந்து சின்னம்தான் எல்லாம் என்று முடிவுகட்டக் கூடாது. சின்னம் வெறும் பாத்திரம். அதில் ஊற்றப்படுவது அனுபவம். என்ன ஊற்றப்பட்டது என்பதைப் பொறுத்து அது ஒருவரைத் தூக்கவும் செய்யும், முடக்கவும் செய்யும். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் நடத்திய சோதனையை முதலில் படித்தபோது எனக்கு மனம் ஆறவே இல்லை. ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள். உயர்சாதி என்று சொல்லப்படுபவர்கள் 321 பேர், தாழ்த்தப்பட்டவர்கள் 321 பேர். காகிதத்தில் வரைந்த வழிப் புதிர்களைத் தீர்க்க வேண்டும், தீர்த்ததற்குக் காசு. சாதியைச் சொல்லாமல் நடத்தியபோது இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. எல்லோர் முன்பும் பெயரையும் சாதியையும் அறிவித்துவிட்டு நடத்தியபோது தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் தீர்த்த எண்ணிக்கை சரிந்தது. புதிர் அதே தரம், மூளையும் அதே மூளை. நடுவில் ஒரே ஒரு சொல் உரக்கச் சொல்லப்பட்டது.

ஏன் சரிந்தது? ஆய்வாளர்கள் இன்னொரு ஏற்பாடும் செய்து பார்த்தார்கள். பரிசு யாருக்கு என்பதில் சீட்டுக் குலுக்கலைச் சேர்த்தபோது அந்த இடைவெளி மறைந்தது. மனிதர்கள் முடிவுசெய்தால் நமக்குக் கிடைக்காது என்பதை அந்தப் பிள்ளைகள் பன்னிரண்டு வயதுக்குள் வாழ்ந்து தெரிந்துகொண்டிருந்தார்கள். சாதிப் பெயர் காதில் விழுந்ததும் அந்த அனுபவம் மொத்தமும் எழுந்து வந்து கையைக் கட்டிப்போட்டது. 'அவங்களுக்குத் திறமை அவ்வளவுதான்' என்று இன்றும் பேசுகிறவர்கள் இந்த ஓர் ஆய்வையாவது படிக்க வேண்டும்.

சரி, ஊற்றப்பட்டதை மாற்ற முடியுமா? முடியும். ஏனென்றால் நினைவு கல்வெட்டுப்போல நிலையாக நிற்பதில்லை. ஒவ்வொரு முறை எடுத்துச் சொல்லும்போதும் கொஞ்சம் மாறித்தான் உள்ளே திரும்புகிறது. எந்த மொழியில் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். 2000-இல் வியோரிகா மரியன், உல்ரிக் நைசர் இருவரும் அமெரிக்காவில் குடியேறிய ரஷ்ய மாணவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டார்கள். ரஷ்ய மொழியில் கேட்டால் ரஷ்ய மொழி பேசி நடந்த சம்பவங்கள் அதிகம் வந்தன. ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் நடந்தவை. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் ஸ்ரீராமபுரத்துப் பிள்ளைக்கு வாழ்க்கை மூன்று இடங்களில் சேமிக்கப்படுகிறது என்றே நினைக்கிறேன். அதில் எந்த மொழியை வெட்டினாலும் பிள்ளை தன்னில் ஒரு பகுதிக்குப் போகும் வழியை இழக்கும். தமிழ் எதற்கு என்கிற பெற்றோருக்கும், கன்னடம் எதற்கு என்கிற பெற்றோருக்கும் இதையேதான் சொல்வேன்.

நினைவுகளைக் கோத்து 'இதுதான் என் கதை' என்று சொல்லும் திறன் பதின்ம வயதில் உருவாகிறது. டான் மெக் ஆடம்ஸ் போன்ற உளவியலாளர்கள் அந்தக் கதையையே ஆளுமையின் ஓர் அடுக்காகப் பார்க்கிறார்கள். அதற்கான பயிற்சி வீட்டில் மிக முன்பே தொடங்கிவிடுகிறது. 'அப்புறம் என்ன ஆச்சு? உனக்கு எப்படி இருந்துச்சு?' என்று பிள்ளையை விரிவாகப் பேசவைக்கும் தாய்மாரின் குழந்தைகள் தங்கள் கடந்த காலத்தைச் செறிவாகச் சொல்கிறார்கள் என்று ராபின் ஃபைவுஷ், எலைன் ரீஸ் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. காவிரிப் பிரச்சினையில் பெங்களூர்த் தமிழர்கள் தாக்கப்பட்ட 1991 டிசம்பர் கலவரத்தை ஒரு பாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கிய இரவு என்று மட்டும் பேரனிடம் சொல்லலாம். அடைக்கலம் கொடுத்த கன்னடத்து அக்கம்பக்கம் இருந்திருந்தால் அவர்களையும் சேர்த்தே சொல்லலாம். பயத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முழுக் கதையும் கைக்கு வரும் பேரனுக்கு அந்த டிசம்பர் வேறொன்றாக அமையும்.

சொல்ல ஆளில்லாதவர்கள் எழுதலாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் தினம் 15 நிமிடம், நான்கு நாள் தொடர்ந்து எழுதினார்கள். மனதைப் பாதித்த சம்பவத்தையும் அதில் தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. எழுதிய அன்று மட்டும் மனம் இன்னும் கனத்துத்தான் போயிற்று. பின்னால் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் சிறியதுதான், எல்லோருக்கும் கிடைப்பதுமில்லை. சம்பவம் நடந்த மொழியிலேயே எழுதுவது நல்லது என்பது என் எண்ணம். எழுத உட்கார்ந்தாலே உடம்பு நடுங்குகிறது, தூக்கம் போகிறது என்றால் நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஓசூர் சாலையிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது.