புதுக் கணினி எழவில்லையா? முதலில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்துவதற்குள் மேலூரிலிருந்து ஓர் அப்பாவும் மகனும் வந்து நின்றார்கள். மகனின் கையில் பூப்போட்ட போர்வையில் சுற்றிய கேபினெட். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். பையன் பொறியியல் முதலாண்டு. பாகங்களைத் தானே தேர்ந்தெடுத்து, வீடியோ பார்த்துத் தானே பூட்டியிருக்கிறான். அப்பா சொன்னது இவ்வளவுதான்: "எழுபதாயிரம் ரூபாய் சார். பொத்தானை அமுக்கினால் ஒரு துடிப்புத் துடித்துவிட்டு நின்றுவிடுகிறது."

பையன் வாயே திறக்கவில்லை. இரண்டு இரவாகத் தூங்காத முகம்.

மதுரையில் நான் இந்தத் தொழிலுக்கு வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் பூட்டிய புதுக் கணினி எழவில்லை என்று வருகிறவற்றில், கடையிலிருந்து வரும்போதே செத்துப்போன பாகத்தை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன். முதல் நாள் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பயத்தில் இரண்டாம் நாள் செய்கிற வைத்தியத்தில்தான் பாகம் சாகிறது. அதனால் என்ன கோளாறு என்று நான் கேட்பதில்லை. "நேற்றுவரை என்னென்ன செய்தாய் தம்பி, ஒன்று விடாமல் சொல்" என்றுதான் கேட்பேன்.

கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதல் இரவு எல்லா ஃபேனும் சுற்றியிருக்கின்றன. திரை மட்டும் கறுப்பு. மதர்போர்டில் ராம் (நினைவகம்) பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்திருக்கிறது. அரை நிமிடம் பார்த்துவிட்டு அணைத்து, ராமைக் கழற்றி மாட்டி, மறுபடி போட்டிருக்கிறான். மறுபடி கறுப்பு. போர்டின் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறான். விடிய விடிய இதே வேலை. இரண்டாம் இரவு நண்பன் ஒருவன், "உன் எஸ்.எம்.பி.எஸ் கேபிளில்தான் சந்தேகம்" என்று சொல்லித் தன்னுடைய பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸின் (கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) கேபிள்களைக் கொண்டுவந்திருக்கிறான். மற்றவை பொருந்தவில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற கேபிள் மட்டும் அழகாகப் பொருந்திவிட்டது.

பொருந்தியதுதான் வினை.

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய எஸ்.எம்.பி.எஸ்களில், ஹார்ட் டிஸ்க் பக்கம் இருக்கிற முனை உலகம் முழுக்க ஒரே மாதிரி. எஸ்.எம்.பி.எஸ் பக்கம் இருக்கிற முனைக்கு அப்படிப் பொது விதி எதுவும் இல்லை. எந்தத் துளையில் 12 வோல்ட், எந்தத் துளையில் 5 வோல்ட், எது நெகட்டிவ் என்பதைத் தயாரிப்பவர் தம் வசதிக்கு வைத்துக்கொள்கிறார். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட மாறும். பிளாஸ்டிக் கூடு மட்டும் ஒன்றுபோல இருந்துவிடுவதால், 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போய் இறங்கும். பெட்டியோடு வந்த கேபிளைத் தவிர வேறு எதையும் மாட்டாதீர்கள். நீளம் போதவில்லை என்றால் அதே மாடலுக்கான கேபிளைக் கேட்டு வாங்குங்கள்.

"மாட்டியதும் வாசம் ஏதாவது வந்ததா?" என்று கேட்டேன். பையன் அப்பாவைப் பார்த்தான். பிறகு, "லேசாக வந்தது அண்ணா" என்றான். அப்பாவுக்கு அது அப்போதுதான் தெரியும்.

மூக்கு எங்கள் தொழிலில் ஒரு கருவி. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அடிப்பக்கம் முகர்ந்தேன், கருகல். அந்த டிஸ்க் புதியது அல்ல. பழைய கணினியிலிருந்து எடுத்தது. அதற்குள் வீட்டின் பத்து வருடப் புகைப்படங்கள். அதைத் தனியே வைத்துவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்ஸோடு வந்த கேபிள்களைச் சரிபார்த்துப் பொத்தானை அமுக்கினேன். துடிப்பு நின்றுவிட்டது, ஃபேன்கள் நிதானமாகச் சுற்றின. டிஸ்க்குக்குள் ஷார்ட் இருந்ததால்தான் எஸ்.எம்.பி.எஸ் தன்னைக் காத்துக்கொள்ள ஒவ்வொரு முறையும் அணைந்திருக்கிறது. இப்போது கதை முதல் இரவுக்குத் திரும்பியது. கறுப்புத் திரை, ஆரஞ்சு விளக்கு.

"டீ சொல்லுங்கள்" என்றேன். அப்பாவுக்கு என்மேல் சந்தேகம் வந்திருக்கும்.

அது ஏஎம்டி பிராசசருக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டு. பிராசசர் உட்காருகிற இடம்தான் சாக்கெட். 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு. இந்த வகையில் முதன்முதலாக மின்சாரம் கொடுக்கும்போது, பிராசசரும் ராமும் தங்களுக்குள் வேகத்தையும் நேர இடைவெளியையும் ஒத்துப்பார்த்துக்கொள்ளும். கச்சேரிக்கு முன் சுருதி சேர்ப்பது போல. சில நிமிடங்கள் பிடிக்கும். ராம் அதிகமாக இருந்தால் பத்து நிமிடத்தையும் தாண்டலாம். அதுவரை திரையில் ஒன்றும் வராது, ராம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். முடிந்ததும் விவரத்தைப் போர்டு நினைவில் வைத்துக்கொள்ளும்; அடுத்த முறை சட்டென்று எழும். ராமைக் கழற்றினாலோ பேட்டரியை எடுத்தாலோ மறுபடி முதலிலிருந்து. தம்புராவை மடியில் வைத்தவரை அரை நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பிவிட்டால் என்ன ஆகும்? பையன் இரவு முழுக்க அதைத்தான் செய்திருக்கிறான்.

நாலாவது நிமிடத்தில் கணினி தானாக அணைந்து தானாக எழுந்தது. பையனின் கை சுவிட்சை நோக்கிப் பறந்தது, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இடையில் அப்படி அணைந்து எழுவதும் வழக்கம்தான். டீ கிளாஸ் காலியாகும்போது திரையில் பயாஸ், அதாவது போர்டின் சொந்த அமைப்புத் திரை, வந்தது. பையன் சிரிக்கவில்லை, "இதுக்கா?" என்று முணுமுணுத்தான்.

டிடிஆர்5 கணினியில் முதல் முறை ஃபேன் சுற்றித் திரை வரவில்லை என்றால், அணைக்காமல் கால் மணி நேரம் விடுங்கள். எங்கிருந்தாவது புகையோ கருகல் வாசமோ வந்தால் மட்டும் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

எல்லாம் காத்திருந்தால் சரியாகிவிடாது என்பதும் தெரியும். அசைவே இல்லாத கணினி, துடித்து நிற்கிற கணினி, ஃபேன் சுற்றித் திரை வராத கணினி, இந்த மூன்றும் மூன்று வேறு வியாதிகள். கடைக்குப் பேசும்போது "ஆன் ஆகவில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், இதில் எது என்று சொல்லுங்கள். பாதி வேலை முடிந்தது.

அசைவே இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்னால் உள்ள சுவிட்சைப் பாருங்கள். கோடு போட்ட பக்கம்தான் ஓடும் பக்கம். வட்டத்தை "ஆன்" என்பதன் முதல் எழுத்தாக எடுத்துக்கொண்டு ஆட்டோவில் கணினியைத் தூக்கிவந்தவர் ஒருவர் உண்டு; ஆட்டோக் கூலிதான் அவருக்கான பில். அடுத்து, கேபினெட் பொத்தானிலிருந்து வருகிற மெல்லிய இரண்டு கம்பிகள். போர்டின் கீழ் ஓரத்தில் ஒன்பது ஊசிகள் உள்ள கொத்தில் அவற்றுக்கென்று ஓர் இடம் உண்டு. கையேட்டில் படம் இருக்கும். ஒரு வரிசை தள்ளிச் செருகிவிட்டால் பொத்தான் வெறும் பொத்தான்தான். கம்பிகளை எடுத்துவிட்டு, அந்த இரண்டு ஊசிகளை மட்டும் சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் கணினி எழ வேண்டும். எழுந்தால் தகராறு பொத்தானில். அங்கே ஓடுவது 5 வோல்ட்டுக்கு மேற்படாத மின்சாரம்தான், பயப்பட வேண்டாம். பக்கத்து ஊசிகளைத் தொட்டுவிடாமல் இருந்தால் போதும்.

துடித்து நின்றால் பெரும்பாலும் எங்கோ ஷார்ட். போர்டுக்கு அடியில் வைக்கிற பித்தளைத் தூண்களை எண்ணுங்கள். போர்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு தூண் நின்றால், அது போர்டின் முதுகில் குத்திக்கொண்டிருக்கும். தவறிக் கீழே விழுந்த ஸ்க்ரூவும் அங்கேதான் கிடக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், அதன் கூலர், ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ் இவற்றோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள். நாங்களும் கடையில் அதைத்தான் செய்கிறோம், அதற்குத்தான் காசு வாங்குகிறோம்.

ஃபேன் சுற்றித் திரை வராததுதான் எனக்கு அதிகம் வருவது. பெரிய 24 பின் கனெக்டரை எல்லோரும் செருகிவிடுகிறார்கள். போர்டின் மேல் இடது மூலையில், கூலரின் நிழலில் ஒளிந்திருக்கிற 8 பின் கனெக்டரை மறந்துவிடுகிறார்கள். அது பிராசசருக்கான தனி மின்சாரம். அது இல்லாமலும் ஃபேன் சுற்றும், வண்ண விளக்கு மின்னும், பிராசசர் மட்டும் எழாது. கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க இதுபோலவே இருக்கும். ஆனால் வார்ப்பு வேறு. உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

கிராபிக்ஸ் கார்டு வாங்கியவர்கள் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருக வேண்டும். போர்டில் இருக்கிற எச்டிஎம்ஐயில் அல்ல. இன்டெல் பிராசசரின் பெயர் முடிவில் 'எஃப்' இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியின் ரைசன் 5 5600-லும் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. கார்டு அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம் என்று 5600 வாங்கியவர்களின் போர்டை எவ்வளவு சோதித்தாலும் படம் வராது. ராம் இரண்டு என்றால், நாலு துளை உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து இரண்டாவதும் நாலாவதும்தான் சரியான இடம். ராமை அழுத்தும்போது 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். புதுப் போர்டில் நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். நாள்பட்ட ஸ்டாக் போர்டில் புதுப் பிராசசர் போட்டிருந்தால் பயாஸ் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். பின்புறம் அதற்கென்று பொத்தான் உள்ள போர்டுகளில் பென் டிரைவ் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

செய்யக் கூடாதவை என்று எனக்குச் சில உண்டு. எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். பழைய ஏஎம்4 பிராசசரில் கூலரை நேராகப் பிடுங்காதீர்கள். சூட்டைக் கடத்த இடையில் தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், ஊசிகள் வளையும். லேசாகத் திருகி எடுக்க வேண்டும். ஏஎம்5, இன்டெல் போர்டுகளில் ஊசிகள் சாக்கெட்டில் இருக்கின்றன. அங்கே விரல் பட்டால் முடிந்தது, வாரண்டியும் பேசாது.

இன்னொன்று கணினியைப் பற்றியதே அல்ல. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது, டெஸ்டர் வைத்தால் எரிகிறது என்று புது எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திருப்பிக் கொடுக்க வருகிறார்கள். எஸ்.எம்.பி.எஸ்ஸின் வாசலில், மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் கேபினெட்டோடு இணைந்திருக்கும். வீட்டில் எர்த் இல்லாவிட்டால் நம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேபினெட்டில் வந்து நிற்கும். ஓடுகிற மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போகிறது. அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகினால் பொறி பறக்கலாம், கேபிள் செருகுகிற போர்ட்டே போய்விடலாம். தடித்த பின்னை வெட்டி இரண்டு பின் சாக்கெட்டில் செருகுகிற வீடுகளில் எஸ்.எம்.பி.எஸ்ஸை எத்தனை முறை மாற்றினாலும் இதே கதை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பாருங்கள்.

மேலூர்க்காரர்களின் ஹார்ட் டிஸ்க்கை மதியத்துக்கு மேல் எடுத்தேன். பல டிஸ்க்குகளின் சர்க்யூட்டில், மின்சாரம் நுழைகிற இடத்தில் உளுந்தம்பருப்பு அளவில் இரண்டு டயோடுகள் இருக்கும். வோல்ட் எகிறினால் தாங்களே ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றுவதுதான் அவற்றின் வேலை. 5 வோல்ட் பக்கத்து டயோடில் மல்டிமீட்டரை வைத்ததும் 'பீப்' என்றது. சூடுகாட்டி அதைப் பெயர்த்தெடுத்தேன். இனி அந்த டிஸ்க்குக்குக் காவல் இல்லை, ஒரே ஒருமுறை நகலெடுக்கத்தான் ஆகும். எல்லா டிஸ்க்கும் இப்படிப் பிழைப்பதும் இல்லை. டயோடைத் தாண்டி அடி விழுந்திருந்தால் தகவல் மீட்பவர்களிடம்தான் போக வேண்டும். அதே மாடல் டிஸ்க்கிலிருந்து சர்க்யூட்டைக் கழற்றி மாட்டுவதும் இப்போது பலிப்பதில்லை. ஒவ்வொரு டிஸ்க்கும் தனக்கே உரிய விவரத்தைத் தன் சர்க்யூட்டில் உள்ள சிப்பில் வைத்திருக்கிறது.

இது பிழைத்தது. சுற்றும் சத்தம் கேட்டதும் அப்பா எழுந்து பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். நகலெடுத்து முடிய மாலை ஐந்து மணி. அவர் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பையன் என்னிடம் வெள்ளை டேப் வாங்கி, நண்பனின் கேபிளில் ஒட்டி, அது எந்த எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கு உரியது என்று பேனாவால் எழுதிக்கொண்டிருந்தான்.