ரொட்டிக்காக வரும் காட்டுப்பன்றி

சிங்கப்பூரில் அடுக்குமாடிப் புளோக் ஒன்றுக்குக் கீழே காட்டுப்பன்றி வந்துவிட்டது என்று அழைப்பு வந்தால் நான் முதலில் கேட்பது, "அங்கே யாராவது சாப்பாடு போடுகிறார்களா?" என்பதைத்தான். எதிர்முனையில் சற்று நேரம் பேச்சே இருக்காது. பிறகு, "பழைய ரொட்டிதான் வைப்பார்கள், வேறொன்றும் இல்லை" என்று தயங்கித் தயங்கிப் பதில் வரும். குடியிருப்புப் பகுதிக்குள் வரும் காட்டு விலங்குகளைக் கையாள்வது என் தொழில். அதில் பாதிச் சிக்கலுக்குக் காரணம் அந்தப் பழைய ரொட்டி.

சிங்கப்பூரில் கரடி கிடையாது. ஆனால் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்களுக்குக் கரடிச் செய்திகள் பழக்கம். தேயிலைத் தோட்டத்தைத் தாண்டி வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்; இரவில் கோயிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும். மோப்பம் பிடித்து வந்த இடத்தில் ஒருமுறை வயிறு நிறைந்துவிட்டால் அந்த இடத்தை அது மறக்காது. வட அமெரிக்காவின் சில ஊர்களில் இதனால்தான் கரடியால் திறக்க முடியாத குப்பைத்தொட்டிகளை வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதே வேலையைச் செய்வது காட்டுப்பன்றி.

அது எங்கிருந்தோ வந்து புகுந்த விலங்கு அன்று. இந்தத் தீவுக்கே உரியது. நன்றாக நீந்தும். புலாவ் உபின், தேக்கோங் தீவுகளிலும் இருக்கிறது. பெருநிலத்தில் மண்டாய், லிம் சூ காங், செஸ்ட்நட், லோரோங் ஹாலுஸ் பக்கங்களில் பார்த்தவர்கள் பலர். பழைய ரப்பர்த் தோட்டங்களும் கம்பம் எனப்படும் கிராமங்களும் காடாகிப்போன இடங்களில் அதற்குக் கிழங்கு, மண்புழு, உதிர்ந்த பழம், செம்பனைக் கொட்டை எல்லாம் உண்டு. பட்டினியால் அது காட்டைவிட்டு வெளியே வருவதில்லை. ஒரு மணி நேரம் மண்ணைக் கிளறிக் கிடைப்பது, இங்கே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. அதனால் வருகிறது.

காட்டோரப் புளோக் ஒன்றின் அருகே விடியற்காலையில் நின்றுகொண்டிருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். வேலைக்குப் புறப்பட்ட ஒரு பெண் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்து வந்தார். கையில் சாப்பாட்டுப் பை. நடக்க நடக்க அந்தப் பை சரசரத்தது. புல்தரையில் மூக்கால் மண்ணைப் புரட்டிக்கொண்டிருந்த பெண்பன்றி சட்டென்று தலையைத் தூக்கியது. அதற்குக் கண்பார்வை மட்டம். காதும் மூக்கும்தான் எல்லாம். பை சரசரத்த திசைக்கு மூக்கைத் திருப்பி, நேராக ஓட்டமும் நடையுமாக வந்தது. பின்னாலேயே முதுகில் வரி போட்ட குட்டிகள். அந்தப் பெண் உறைந்து நின்றுவிட்டார். பையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே மெல்லப் பின்வாங்கச் சொன்னேன். இரண்டு எட்டுத் தள்ளிப் பன்றி நின்றது. மூக்கு நுனி ஈரமாக, விடாமல் அசைந்துகொண்டிருந்தது. பை சரசரப்பது நின்றதும் அது குழம்பிப்போய்த் திரும்பியது.

அது சீறி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தினமும் பையோடு வந்து ரொட்டி போடுகிறவரையும், சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவரையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. நன்கு வளர்ந்த ஆண்பன்றி 100 கிலோ வரை இருக்கும். கோரைப்பல் தொடையளவு உயரத்தில் இருக்கும். ரொட்டியை எதிர்பார்த்து மோதினால்கூடக் காயம் காயம்தான்.

2021 பிப்ரவரி 20 அன்று பொங்கோலில் இரண்டு பெண்கள் காட்டுப்பன்றியால் காயமடைந்தார்கள். 2022 இறுதியில் புக்கிட் பாஞ்சாங்கில் மறுபடியும் தாக்குதல் நடந்தது. இப்படி ஏதாவது நடந்த பிறகுதான் எல்லாரும் பன்றியைப் பிடிக்கச் சொல்கிறார்கள். பிடிப்பது சுலபமான காரியம் அன்று. கூண்டு வைத்து, உள்ளே இரை போட்டு, கூட்டம் முழுவதும் அச்சமின்றி உள்ளே வரும்வரை இரவுகணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டை மட்டும் அடைத்தால் மற்றவை கூண்டைக் கண்டாலே ஒதுங்கிப் போகும். பிடித்த பிறகு எங்கே கொண்டுபோய் விடுவது? இந்தச் சின்னத் தீவில் எந்தக் காட்டுக்கும் பக்கத்தில் ஒரு புளோக் இருக்கிறது. மனிதனைக் கண்டால் சாப்பாடு என்று கற்றுக்கொண்ட விலங்கு அங்கேயும் அதையேதான் தேடும். ஆகவே, பிடிபடும் பன்றிக்குப் பல நேரங்களில் மரணம்தான் மிஞ்சுகிறது. எனக்கு இந்தத் தொழிலில் தாங்க முடியாதது இதுதான். அந்தப் பன்றி ஒரு தவறும் செய்யவில்லை.

நம்மவர்களிடம் இதைச் சொல்வது கூடுதல் கடினம். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். புல்வெளியோரம் இட்லியும் ரொட்டியும் வைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம், "தம்பி, வாயில்லா ஜீவன் பசியோடு வந்து நிற்கிறது, போடாமல் எப்படிப் போவது?" என்று கேட்டார். "ஐயா, அது பசித்து வரவில்லை. நீங்கள் வருவீர்கள் என்று வருகிறது" என்றேன். பிடித்தால் அதை என்ன செய்வார்கள் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அதன்பிறகு அவர் எதுவும் பேசவில்லை. வைத்ததையெல்லாம் குனிந்து பொறுக்கிப் பையில் போட்டுக் கட்டினார். அவருடைய இரக்கத்தை நான் மதிக்கிறேன். அந்த மனம் உள்ளவர்கள்தான் சொன்னால் நிறுத்துகிறார்கள்.

நிறுத்திய மறுநாளே பன்றிகள் போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் சில வாரங்கள் அவை இன்னும் துணிச்சலாக வரும். வழக்கமான இடத்தில் இரை இல்லையென்றால் பக்கத்தில் நடப்பவரின் பையைத் தேடும். "பாருங்கள், நிறுத்தியதால்தான் தொல்லை" என்று யாரோ ஒருவர் மீண்டும் போடத் தொடங்குவதும் அப்போதுதான். அந்த வாரங்களைப் பொறுத்துக் கடக்க வேண்டும். ரொட்டி மட்டுமில்லை, பூனைக்கும் புறாவுக்கும் வைத்துவிட்டு இரவு முழுவதும் கிடக்கும் சோறு, மூடாத பெரிய குப்பைத்தொட்டி, கூட்டாமல் விட்ட மாம்பழம் எல்லாம் சேர்ந்துதான் அந்த இடத்தைப் பன்றிக்குப் பந்திவீடாக ஆக்குகின்றன. தொட்டி மூடாமல் கிடந்தால் நகர மன்றத்துக்குச் சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்கள் கூண்டு வைப்பதைவிட அது பயனுள்ளது.

மிச்சச் சாப்பாட்டில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரில் முதன்முறையாக ஒரு காட்டுப்பன்றியின் உடலில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது. மனிதர்களுக்கு அது தொற்றாது. பன்றிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும். நோய்ப்பட்ட பன்றி இறைச்சியிலும் அந்தக் கிருமி நெடுநாள் உயிரோடிருக்கும். தூக்கி எறியும் எலும்பும் இறைச்சித் துண்டும் அதைக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். செத்துக் கிடக்கும் பன்றியைக் கண்டால் தொடாமல் தகவல் கொடுங்கள்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி, காட்டு விலங்குக்கு வேண்டுமென்றே உணவு போட்டால் முதல்முறை 5,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரையும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையும் அபராதம்.

எதிரே வந்துவிட்டால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள், கல்லெடுக்காதீர்கள். முகத்தைப் பன்றியின் பக்கமே வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் போங்கள். அது திரும்பிப் போக வழி விட்டு நில்லுங்கள். மூலையில் மாட்டிக்கொண்ட பன்றிதான் பாய்கிறது. குட்டி அழகாக இருக்கிறது என்று கைப்பேசியின் ஃபிளாஷ் வெளிச்சத்தில் படம் எடுப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதைக்கிறது. குட்டிகள் கண்ணில் பட்டால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது. நாயோடு நடக்கிறவர்கள் வாரைக் குட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள்; நாய் குரைத்தால் பன்றி உங்களையும் சேர்த்தே எதிரியாக நினைக்கும். பாய்ந்தே வந்தால் பெஞ்சு, சுவர், படிக்கட்டு எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் ஏறுங்கள். ஏற இடமில்லையென்றால் பையையோ குடையையோ உங்களுக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரமான இடத்துக்குப் போன பிறகு தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குகள் உதவி எண் 1800-476-1600-ஐ அழையுங்கள். புளோக் எண், நேரம், எத்தனை பன்றிகள், குட்டிகள் உண்டா, எந்தப் பக்கமாகப் போயின என்று சொல்லுங்கள். அங்கே யாராவது சாப்பாடு வைப்பது உங்களுக்குத் தெரிந்தால் அதையும் மறைக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் அடுத்த வீட்டுப் பாட்டியாகவே இருந்தாலும் சரி.