தரிசனம்: சொல்லும் பொருளும்

திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலின் மூலவரான ஆதிபுரீசுவரருக்கு ஆண்டு முழுவதும் கவசம் சார்த்தியிருப்பார்கள். கார்த்திகை முழுநிலவை ஒட்டிய மூன்று நாள் மட்டும் அது களையப்பட்டு, புற்று வடிவான திருமேனியில் புனுகுச் சாம்பிராணித் தைலம் சார்த்தப்படும். தண்டையார்பேட்டையிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வந்தவர்கள் அந்நாள்களில் நெடுநேரம் வரிசையில் நிற்பார்கள். வெளியே வருபவரைப் பார்த்து, "தெரிசனம் ஆச்சாம்மா?" என்று கேட்பது இப்பக்கத்து வழக்கம்.

தரிசனம் என்பது 'காண்' என்னும் பொருளுடைய 'த்ருச்' என்ற வடமொழி வேரிலிருந்து பிறந்த சொல். 'தர்மம்' உகரம் சேர்ந்து தருமம் ஆனதுபோல, மெய்கள் அடுத்து வருவதைத் தவிர்க்க இகரம் சேர்ந்து 'தர்சனம்' தரிசனம் ஆயிற்று. தெரிசனம் என்பதும் பழைய வடிவமே. 'தெரி' என்னும் தமிழ் வினையிலிருந்து வந்ததாகச் சிலர் சொல்வது ஒலியொப்புமையால் வந்த மயக்கம். த்ருச் வேருக்குக் கிரேக்கத்திலேயே இனச்சொல் உண்டு. வடமொழியில் இச்சொல் கண்ணால் காண்பதோடு நிற்கவில்லை. நியாயம், சாங்கியம், வேதாந்தம் முதலான ஆறு மெய்யியல் நெறிகளையும் அது தரிசனம் என்றே குறித்தது.

இதற்கு நேரான தமிழ் காட்சி. மாண் என்பதிலிருந்து மாட்சி வந்ததுபோல, காண் என்பதிலிருந்து காட்சி. அறிவு பிறக்கும் வழிகளை ஆராயும் அளவை நூல்களில் புலனறிவுக்கு இதுவே பெயர். மெய்யுணர்தல் அதிகாரத்தில் வள்ளுவர் 'மாசறு காட்சி' (குறள் 352) என்று சொல்லும்போதோ, அது கண்ணின் வேலையைக் கடந்து மயக்கம் நீங்கிய அறிவைக் குறிக்கிறது. ஆகவே தரிசனம் தாங்கும் இரு பொருளையும் காட்சி ஒன்றே தாங்கும். கூடவே 'காட்டு' என்னும் பிறவினையையும் தமிழ் அருகில் வைத்திருக்கிறது. 'காண்பாரார் கண்ணுதலாய் காட்டாக் காலே' என்று அப்பர் பாடியது இந்த இரண்டு வினைகளையும் எதிரெதிரே நிறுத்தித்தான்: அவன் காட்டாவிட்டால் காண்பவர் யார்? 'தரிசனம் செய்தேன்' என்பதைவிட 'காட்சி கொடுத்தார்' என்பது எனக்கு நெருக்கமாகப் படுவதன் காரணமும் இதுவே.

சைவ சித்தாந்தத்தில் இச்சொல்லின் இடம் இன்னும் நுட்பமானது. உயிர் ஏறிச் செல்லும் பத்து நிலைகளைத் தசகாரியம் என்பர். அவற்றுள் சிவரூபம், சிவதரிசனம், சிவயோகம், சிவபோகம் என்பவை இறுதி நான்கு. தரிசனம் எட்டாவது படிதான். அதற்கு மேலும் ஒன்றுதலும் துய்த்தலும் உள்ளன. எனவே இறைவனைத் தானே உணர்ந்து நுகர்வதை, அதாவது அனுபவத்தை, தரிசனம் என்ற சொல்லால் மட்டும் சொல்லிவிட முடியாது. துய்ப்பு, இறைநுகர்வு, மெய்யுணர்வு என்பவை அதற்குப் பொருந்தும். பட்டறிவு என்பதும் நல்ல சொல்லே, ஆனால் இன்று அது வேலைத்திறமை பற்றிய பேச்சில் மிகுதியும் புழங்குகிறது.

காட்சிக்குக் கண் வேண்டுமா என்னும் கேள்வியும் இதே ஊரின் கதையில் இருக்கிறது. மகிழமரத்தின் கீழ் மனைவி சங்கிலியாருக்கு 'உன்னைப் பிரியேன்' என்று செய்த சூளுரையை மறந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்த சுந்தரர் இரு கண்ணும் இழந்தார். காஞ்சியில் இடக்கண்ணும் ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார். பார்வையற்று நடந்த அந்த வழியிலும் அவர் முன்னிலைப்படுத்திப் பாடினார், எதிரே நிற்பவனோடு வழக்காடுவதைப்போல.

கோயில் பலகைகளில் 'சிறப்பு தரிசனம்' என்பதற்குச் 'சிறப்புத் திருக்காட்சி' என்று எழுதலாம். படிப்பவர்களுக்கு அது புரியும். பேச்சில் 'காட்சி ஆச்சா' என்று கேட்டால் சினிமாக் கொட்டகை நினைவுதான் வரும். அதற்கு, வரிசையில் நிற்கும் பெண்கள் தெரிசனம் என்பதோடு மாற்றி மாற்றிச் சொல்லும் "சாமி பாத்தாச்சா?" என்பது போதும்.