போன் திடீர்னு அலறினா பயப்படாதீங்க, ஆஃப் பண்ணியும் வெச்சுடாதீங்க

2023 அக்டோபர் 20 ஞாபகம் இருக்கா, தமிழ்நாடு பூரா எல்லார் போனும் ஒரே நேரத்துல சைரன் மாதிரி கத்துச்சே. எங்க பெரியம்மா போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு நெனச்சு தலையணைக்கு அடியில வெச்சு அமுக்கிட்டாங்க. மறுநாள் பேரன்கிட்ட சொல்லி அந்த செட்டிங்கையே ஆஃப் பண்ண வெச்சாச்சு. இப்படி நெறைய வீட்டுல நடந்திருக்கும், அதனாலதான் இதை எழுதுறேன்.

அது புயல், சுனாமி மாதிரி ஆபத்து வந்தா போனுக்கு எச்சரிக்கை அனுப்புற செல் பிராட்காஸ்ட் முறையோட டெஸ்ட். தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் சேர்ந்து நடத்துறாங்க, டெக்னாலஜி மத்திய அரசோட சி-டாட் நிறுவனத்தோடது. சாதாரண எஸ்எம்எஸ் வீடு வீடா பத்திரிகை வெக்கிற மாதிரி, ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியா போகணும், நெட்வொர்க்ல கூட்டம் சேந்துட்டா லேட்டாகும். செல் பிராட்காஸ்ட் தண்டோரா மாதிரிங்க, அந்த டவருக்குக் கீழ யார் நிக்கிறாங்களோ அத்தனை பேருக்கும் ஒரே அடியில போயிடும், உங்க நம்பரே அதுக்கு தேவையில்ல, அதனால வெளியூர்க்காரர் கன்னியாகுமரிக்கு டூர் வந்திருந்தாலும் அங்க உள்ள எச்சரிக்கை அவருக்கும் வரும், நெட் பேக் தீந்திருந்தாலும் வரும். காசு கிடையாது, பதிவு பண்ண வேண்டியதும் இல்ல. ஓடிபி, பேங்க் விவரம் எதுவும் கேக்காது, கேட்டா அது டூப்ளிகேட்.

இந்த எச்சரிக்கை உங்களுக்கு வரணும்னா ஒண்ணு செய்யணும். போன் செட்டிங்ஸ்ல மேல இருக்கிற சர்ச்ல எமர்ஜென்சி அலர்ட்னு இங்கிலீஷ்ல தேடி எல்லாம் ஆன்ல இருக்கான்னு பாருங்க. ஐபோன்ல நோட்டிபிகேஷன்ஸ் உள்ள போய் கடைசி வரைக்கும் தள்ளிப் பாத்தா இருக்கும். ஏரோபிளேன் மோட்ல போட்டு தூங்குற ஆளுக்கு எதுவும் வராது, புயல் நேரத்துலயாவது அதை விட்டுடுங்க. கூடவே மத்திய அரசோட சசேத் ஆப் போட்டுக்கலாம், வானிலை மையம், மத்திய நீர் ஆணையம், சுனாமிக்கு ஹைதராபாத்ல இருக்கிற கடல் தகவல் மையம் இன்கோயிஸ்னு எல்லார் எச்சரிக்கையும் ஒரே இடத்துல வரும், தமிழ்லயும் படிக்கலாம். நம்ம மாநில அரசோட டிஎன் அலர்ட் ஆப்பும் இருக்கு.

சரி, டவரே படுத்துட்டா? இது முக்கால்வாசி பேருக்கு தெரியாத விஷயம். பேரிடர் நேரத்துல அரசு உத்தரவு போட்டா, உங்க கம்பெனி டவர் போனாலும் பக்கத்துல உயிரோட இருக்கிற வேற கம்பெனி டவர்ல உங்க சிம் வேலை செய்யும், இதுக்குப் பேர் இன்ட்ரா சர்க்கிள் ரோமிங். 2024 அக்டோபர்ல டானா புயலப்போ ஒடிசாவுல இதை செஞ்சாங்க. போன் தானா மாறலைன்னா செட்டிங்ஸ்ல நெட்வொர்க்கை மேனுவலா தேடி கிடைக்கிறதை செலக்ட் பண்ணுங்க, ரோமிங்கையும் ஆன் பண்ணி வெச்சுக்குங்க.

ஆனா கடலுக்குள்ள போனவங்களுக்கு இதெல்லாம் எட்டாது, கரையை விட்டு கொஞ்ச தூரம் போனாலே சிக்னல் போச்சு. 2017ல ஒக்கி புயல் வந்தப்போ ஆழ்கடல்ல இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்கு தகவல் சொல்ல வழியே இல்லாம போனது அதனாலதான். இப்போ விசைப்படகுகள்ல இஸ்ரோவோட டிரான்ஸ்பாண்டர்ங்கிற சிக்னல் கருவியை மாட்டுறாங்க, சாட்டிலைட் வழியா எச்சரிக்கையும் வரும், படகுல இருந்து ஆபத்துன்னு திருப்பி மெசேஜும் அனுப்பலாம். உங்க படகுல இல்லைன்னா மீன்வளத்துறை ஆபீஸ்ல போய் கேளுங்க.

எல்லாம் இருந்தாலும் மைக்செட்டை நான் விட மாட்டேன். 2004 சுனாமியன்னிக்கு புதுச்சேரி நல்லவாடுல, சிங்கப்பூர்ல இருந்த ஊர்க்காரர் ஒருத்தர் போன் பண்ணி சொல்ல, கிராம அறிவு மையத்து மைக்ல உடனே அறிவிச்சு ஜனங்க தப்பிச்சாங்க. அன்னிக்கு ஏது செல் பிராட்காஸ்ட். அதனால உங்க போன் அலறுச்சுன்னா ஓகே அமுக்கிட்டு சும்மா இருக்காம, பட்டன் போன் வெச்சிருக்கிற பக்கத்து வீட்டு பாட்டிக்கும் ஒரு குரல் குடுங்க, பழைய மாடல்ல இது வரும்னு நம்பி இருக்க முடியாது.

உதவி வேணும்னா மாவட்டத்துக்கு 1077, மாநில கன்ட்ரோல் ரூமுக்கு 1070. பெரியம்மா போன்ல செட்டிங்கை நானே திரும்ப ஆன் பண்ணிட்டேன், இன்னும் அவங்களுக்கு தெரியாது.