மீட்பா, மீட்சியா? 'ஏர்லி ரிக்கவரி'க்கு ஒரு தமிழ்ச்சொல்

போர் ஓய்ந்த நாடுகளைப் பற்றிய ஐ.நா. அறிக்கைகளைத் தமிழாக்க உட்காருகிறவர்கள் ஒரு சொல்லில் வந்து தட்டுத்தடுமாறுவார்கள்: 'ஏர்லி ரிக்கவரி'. ஒருவர் 'முன்கூட்டிய மீட்பு' என்று எழுதுவார். இன்னொருவர் 'ஆரம்பகால மீட்பு' என்பார், வேறொருவர் 'விரைவு மீட்சி' என்பார். 'முன்கூட்டிய மீட்பு' என்று படித்தால், சண்டை தொடங்கும் முன்பே ஆட்களை அப்புறப்படுத்துகிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். மூலத்தில் சொல்ல வந்தது அது இல்லவே இல்லை; போர் ஓய்ந்ததும், நிவாரணம் நடக்கும்போதே ஊர் தானே எழத் தொடங்குவதைத்தான் அது சொல்கிறது.

முதலில் 'ரிக்கவரி'. லத்தீனில் 'ரெகுபெராரே' என்றால் திரும்பப் பெறுதல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல் அங்கே இரண்டு வேலை பார்க்கிறது. திருடுபோன வண்டியைப் போலீஸ் கண்டெடுப்பதும் ரிக்கவரி, காய்ச்சலில் கிடந்தவர் எழுந்து நடமாடுவதும் ரிக்கவரி. முதலாவதில் வண்டி சும்மா கிடக்கிறது, யாரோ வந்து மீட்கிறார். இரண்டாவதில் கிடந்தவரே மீள்கிறார். மருந்தும் கவனிப்பும் வெளியிலிருந்து வரலாம். ஆனால் எழுந்து நிற்பது அவர் உடம்புதான்.

தமிழில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. 'மீள்' தன்வினை: நோயிலிருந்து மீண்டார், கடனிலிருந்து மீண்டார். 'மீட்' பிறவினை: அடகு வைத்த நகையை மீட்டார், கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்டார்கள். மீட்பதிலிருந்து 'மீட்பு' பிறந்தது. மீட்புப் படை, மீட்புப் பணி என்பவற்றில் மட்டுமல்ல, கிறித்தவத் தமிழின் 'மீட்பர்' என்ற சொல்லிலும் மீட்பவர் ஒருவர், மீட்கப்படுபவர் இன்னொருவர். மீள்வதிலிருந்து வந்தது 'மீட்சி'. ஆள் என்பதோடு 'சி' சேர்ந்து ஆட்சி ஆவதுபோல, நீள் என்பது நீட்சி ஆவதுபோல, மீள் மீட்சி ஆயிற்று. மீட்சிக்கு 'விடுவித்தல்' என்ற பொருளும் உண்டு என்பது தெரியும். ஆனாலும் இன்று காதில் விழும்போது, மீட்சி என்றால் தானே எழுவது என்ற உணர்வுதான் முன்னே நிற்கிறது.

போருக்குப் பிந்தைய வேலைக்கு இந்த வேறுபாடு உயிரானது. அதனால்தான் இங்கே 'மீட்பு' என்று எழுதக் கூடாது என்கிறேன்.

இப்போது 'ஏர்லி'. இந்தச் சொற்றொடர் ஐ.நா. வழக்கில் வேரூன்றியது 2005-க்குப் பிறகு. அந்த ஆண்டு மனிதாபிமான உதவிகளைச் சீரமைத்தபோது தண்ணீர், தங்குமிடம், ஊட்டச்சத்து என்று துறைவாரியாகக் 'கிளஸ்டர்' எனப்படும் குழுக்கள் அமைத்தார்கள். அவற்றில் ஒன்று 'ஏர்லி ரிக்கவரி'. அதற்குத் தலைமை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்திடம் தரப்பட்டது. காரணம் பழையது. நிவாரணம் தருகிறவர்கள் அரிசியும் தார்ப்பாயும் கொடுத்துவிட்டு ஒருநாள் கிளம்பிவிடுவார்கள். வளர்ச்சி வேலை செய்கிறவர்கள் எல்லாம் அமைதியான பிறகே வந்து சேருவார்கள். நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் விழுந்துபோகிற மாதங்கள்தான் பல இடங்களில் மறுபடியும் சண்டைக்கு வழி வைத்தன. ஆகவே நிவாரணம் முடியட்டும் என்று காத்திருக்காமல், அது நடக்கும்போதே மீட்சியையும் தொடங்க வேண்டும் என்பதுதான் 'ஏர்லி'. வேகமாக முடிப்பது என்றோ, முன்னெச்சரிக்கையாகச் செய்வது என்றோ அதற்குப் பொருள் இல்லை. ஐ.நா. பொதுச்செயலாளரின் 2009 அறிக்கை ஒன்று, போரின் பெரும்பகுதி முடிந்த பின் வரும் முதல் இரண்டு ஆண்டுகளையே 'உடனடிப் பிற்காலம்' என்று கணக்கிட்டது.

இந்தப் பொருளுக்கு 'உடன்மீட்சி' என்று சொல்லிப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். உடன் என்றால் 'உடனே', 'கூடவே' என்று இரண்டும் ஆகும். நிவாரணத்தின் கூடவே, போர் ஓய்ந்த உடனே தொடங்கும் மீட்சி. புதுச்சொல் வேண்டாம், அலுவலகக் கடிதத்துக்கு ஆகாது என்பவர்கள் 'தொடக்கநிலை மீட்சி' என்று எழுதலாம், குழப்பம் வராது. 'புனரமைப்பு' சாலைக்கும் பாலத்துக்கும், 'மறுவாழ்வு' இடம்பெயர்ந்தவர்களுக்கும் முன்னாள் போராளிகளுக்கும் ஏற்கெனவே நிலைத்துவிட்டன. அவற்றை அப்படியே விட்டுவிடுவோம்.

சரி, மீள்வது யார்? ஊர். ஊர் எப்படி மீளும் என்பதை ஒரு கிணற்றை வைத்துச் சொல்கிறேன். மூன்று ஆண்டு கழித்து ஊருக்குத் திரும்புகிறார்கள். கிணற்றில் குப்பையும் உடைந்த ஓடும், எதுவென்று தெரியாத இரும்பும் கிடக்கின்றன. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் பார்த்துச் சொன்ன பிறகுதான் யாரும் கயிற்றைப் பிடிக்க முடியும். அதுவரை தண்ணீர் லாரி வருகிறது. லாரி வருவது மீட்பு, அது இல்லாமல் முதல் வாரம் நகராது. அப்புறம் யார் இறங்கித் தூர்வாருவது, வாளி யாருடையது, எந்தத் தெரு முதலில் இறைப்பது, போரின்போது எதிர்ப்பக்கம் நின்றவர் வீட்டுக்கும் அதே முறைதானா என்ற கேள்விகள் எழும். இவற்றுக்கு லாரி ஓட்டி வருகிறவர் பதில் சொல்ல முடியாது. ஊரில் நாலு பேர் உட்கார்ந்து பேசி, ஒரு நோட்டில் முறையை எழுதிவைக்க வேண்டும். அந்த நோட்டு எழுதப்படும் இடத்தில்தான் மீட்சி தொடங்குகிறது.

நோட்டை எழுதுகிறவர் யார் என்று பார்த்தால் இன்னும் இரண்டு சொற்களுக்கு வந்துவிடுகிறோம். ஒன்று 'லோக்கல் கவர்னன்ஸ்'. கிரேக்கத்தில் கப்பலைச் செலுத்துதலைக் குறித்த சொல், லத்தீன் வழியே 'கவர்ன்' ஆனது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி என்றும் இலங்கையில் உள்ளூராட்சி என்றும் சொல்வது பெரும்பாலும் மன்றத்தையும் தேர்தலையும் குறிக்கும். கவர்னன்ஸ் அதைவிட அகலமானது. மன்றம் இல்லாத ஊரிலும் யாரோ எதையோ செலுத்திக்கொண்டுதான் இருப்பார்கள். நேபாளத்தில் 1997-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் காலம் 2002-இல் முடிந்தது. மாவோயிஸ்டுகளோடு நடந்த உள்நாட்டுப் போரை முடித்த அமைதி உடன்பாடு 2006-இல் வந்தது. அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2017-இல்தான் நடந்தது. இடையில் 15 ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை, ஆனால் பிறப்புப் பதிவும் ஊர்ச் செலவும் அரசுச் செயலர்கள் கையில் நடந்துகொண்டேதான் இருந்தன. அங்கே உள்ளாட்சி இல்லை, ஆளுகை இருந்தது. ஆகவே 'உள்ளூர் ஆளுகை' என்று பிரித்து எழுதுவது வீண் நுணுக்கம் அல்ல.

இன்னொன்று 'சிவில் சொசைட்டி'. அரிஸ்டாட்டிலின் 'கொய்னோனியா பொலிடிகே' லத்தீனில் 'சொசியேடாஸ் சிவிலிஸ்' ஆயிற்று. நெடுங்காலம் அது அரசியல் சமூகம் முழுவதையுமே குறித்தது, அரசும் அதற்குள் அடக்கம். குடும்பத்துக்கும் அரசுக்கும் நடுவில் உள்ள தனித் தளம் என்று அதை 1821-இல் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் ஜெர்மன் மெய்யியலாளர் ஹெகல். 1980-களில் போலந்தின் தொழிலாளர் இயக்கமும் அதன் அண்டை நாடுகளின் எதிர்ப்பாளர்களும் எழுந்தபோது, அரசுக்கு வெளியே மக்கள் தாமாகக் கூடும் வெளி என்ற இன்றைய பொருள் உலகெங்கும் பரவியது. தமிழில் 'குடிமைச் சமூகம்' பொருந்துகிறது. குடி என்பது குடும்பம், குலம், ஊர், நாட்டு மக்கள் எல்லாவற்றையும் தொட்டு வரும் சொல். குடிமை பழந்தமிழில் நற்குடிப் பண்பைக் குறித்தது, சோழர் கல்வெட்டுகளில் குடிகள் செலுத்தும் வரிக்கும் அது பெயர். இன்று குடிமகனின் நிலை என்று நிற்கிறது. 'தொண்டு நிறுவனங்கள்' என்று மொழிபெயர்ப்பது தவறு. பதிவு எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள நிறுவனங்கள் அதில் ஒரு பகுதி மட்டுமே. விதவைகள் கூடும் சங்கம், மீனவர் கூட்டுறவு, கோயில், பள்ளிவாசல், காணாமல்போனவர்களைத் தேடும் தாய்மார் எல்லாரும் அதற்குள் வருவார்கள்.

மீட்சியில் உள்ளூர் ஆளுகையும் குடிமைச் சமூகமும் ஒன்றையொன்று தாங்க வேண்டும். தென்கிழக்கு ஆசியாவின் கிழக்குத் திமோரில் 2000-இல் உலக வங்கித் திட்டம் ஒன்று ஊர்தோறும் அவைகள் அமைத்தது. ஒவ்வொரு குக்கிராமத்திலிருந்தும் ஒரு பெண், ஓர் ஆண் என்று சமமாகத் தேர்ந்தெடுத்தார்கள். அது பெரிய காரியம். ஆனால் மரபுத் தலைவர்களுக்கு அவையில் இடம் இல்லை என்றது விதி. சண்டை தீர்க்க மக்கள் பழையபடி அந்தத் தலைவர்களிடமே போனார்கள். பணம் ஓரிடத்தில், மதிப்பு இன்னோரிடத்தில் என்று ஆயிற்று.

'மீள்' என்பதற்குத் திரும்புதல் என்ற பொருளும் இருப்பதால் ஓர் எச்சரிக்கை தேவை. முன்பிருந்த நிலைக்கே திரும்புவது மீட்சி என்று நினைத்துவிடக் கூடாது. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் மாவட்ட மன்றங்கள் 1972-இல் கலைக்கப்பட்டு அதிகாரம் தலைநகரில் குவிந்தது. 1991-இல் தொடங்கி 2002-இல் முடிந்த போரின் காரணங்களில் இந்தக் குவிப்பும் ஒன்று என்று அந்நாட்டின் உண்மை, நல்லிணக்க ஆணையம் சொன்னது. 2004-இல் புதிய உள்ளாட்சிச் சட்டம் வந்து, 32 ஆண்டுகளுக்குப் பின் மன்றத் தேர்தல் நடந்தது. அங்கே 1990-க்குத் திரும்பியிருந்தால் போருக்கான விதைக்கே திரும்பியிருப்பார்கள். நோயிலிருந்து மீண்டவர் பழைய பழக்கத்துக்குத் திரும்பினால் அதை மீண்டதாக நாம் சொல்வதில்லை அல்லவா, அதே கணக்குதான்.

எழுதும்போது வாக்கியத்தின் எழுவாயைப் பார்த்தாலே போதும். 'நிறுவனம் கிராமத்தை மீட்டது' என்று வந்தால் அது உடன்மீட்சி அல்ல, நிவாரணத்தைப் பற்றிய வாக்கியம். 'நிறுவனத்தின் உதவியோடு கிராமம் மீண்டது' என்பது சரி. அதேபோல 'மீட்சி வழங்கப்பட்டது' என்று எழுதக் கூடாது, தானே எழுவதை வெளியிலிருந்து யாரும் வழங்க முடியாது. 'பயனாளிகள்' என்று வரும் இடங்களிலும் ஒருமுறை நின்று பாருங்கள். லாரித் தண்ணீர் வாங்கியவர்களை அப்படி எழுதலாம். கிணற்று முறையை நோட்டில் எழுதியவர்களை 'ஊரார்' என்றே எழுதுங்கள்.